குளிர் நாட்டில் மோட்டார் வண்டி: என்ஜின் சூடேற்றியைத் தேர்ந்தெடுக்கும் முறை

அங்கத்தினர் கல்விப் பகுதி

சென்ற மார்கழியில் சென்னிமலைப் பகுதியிலுள்ள ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினர் கல்வி வகுப்பு நடத்திவிட்டுப் புறப்படுங்கால், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு விஷயம் கேட்டார். அவருடைய இளைய மகன் கனடா தேசத்தில் வின்னிபெக் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி செய்கிறான். அங்கே அவனுக்கு அது முதற் குளிர்காலம்.

"ஐயா, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலு டிகிரியாம். வண்டி கிளம்பவில்லை. வாடகை வண்டி பிடித்து முக்கால் மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறான். அவன் வரும்வரை அடுத்த ஆள் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றாராம். இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பழுதுபார்க்கும் கடைக்காரர் என்ஜினைச் சூடாக்க ஒரு கருவி வைக்க வேண்டும் என்கிறாராம். அதற்குக் கேட்கிற பணம் அவனுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. நம் ஊரில் என்ஜின் சூடாகாமல் இருக்கத்தானே தண்ணீர் ஊற்றுகிறோம்? சூடாக்குவதற்கு ஒரு கருவியா? இது ஏமாற்று வேலையா, உண்மையா?" என்பது அவர் கேள்வி.

ஏமாற்று அன்று, ஆனால் கடைக்காரர் சொன்ன கருவிதான் அவருடைய மகனுக்கு வேண்டியதா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்து அறிவதே கொள்முதல் என்னும் காரியத்தின் உயிர். நம் அங்கத்தினர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று குளிர் நாடுகளில் வாழ்கின்றனர். எனவே இப்பொருளைச் சற்று விரிவாகப் படிப்பது பயனுடையதாகும்.

1. குளிரில் என்ஜின் ஏன் அடம்பிடிக்கிறது?

பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. சூடாக இருக்கும்போது நீர்போல் ஓடும் கஞ்சி, ஆறியபின் கெட்டியாகித் தூரிகையில் பரவ மறுக்கிறது. என்ஜினுக்குள் உள்ள மசகு எண்ணெயும் அவ்வாறே கடுங்குளிரில் தடித்துவிடுகிறது. தடித்த எண்ணெய்க்குள் சுழல்தண்டையும் பிஸ்டன்களையும் திருப்புவதற்கு வழக்கத்தைவிட மிகுதியான பலம் வேண்டும்.

அந்தப் பலத்தைத் தரவேண்டிய பாட்டரியோ, அதே குளிரில் தன் பலத்தை இழந்து நிற்கிறது. பாட்டரிக்குள் நடப்பது ஒரு ரசாயன வினை. வெப்பம் குறைந்தால் வினையும் மெதுவாகும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடில், நல்ல பாட்டரியும் வெதுவெதுப்பான நாளில் தரும் சக்தியில் ஏறத்தாழப் பாதியே தரும். தேவை ஏறுகிறது, இருப்பு இறங்குகிறது. வரவு குறைந்து செலவு பெருகிய சங்கத்தின் நிலை எதுவோ, அதுவே அவ்வேளையில் வண்டியின் நிலை.

மூன்றாவதாக, பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். உறைந்த உலோகச் சுவரில் பட்ட பெட்ரோல் ஆவியாகாமல் துளியாகவே ஒட்டிக்கொள்கிறது. அதனை ஈடுசெய்ய வண்டியின் கருவிகள் மிகுதியான பெட்ரோலைச் செலுத்துகின்றன. எரியாமல் எஞ்சியதில் ஒரு பகுதி புகையாய் வெளியேறுகிறது. மற்றொரு பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி மசகு எண்ணெயோடு கலந்து அதனைக் கெடுக்கிறது. வண்டி எப்படியோ கிளம்பிவிட்டாலும், எண்ணெய் எல்லா இடங்களுக்கும் சென்று சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்கிறது. ஆகவே, கிளம்பாமற் போவது மட்டுமே நஷ்டம் என்று எண்ணலாகாது. சிரமப்பட்டுக் கிளம்புவதும் நஷ்டமே.

டீசல் என்ஜினுக்குத் தொல்லை இன்னும் அதிகம். அதில் தீப்பொறி இல்லை. காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். உறைந்த சுவர்கள் அச்சூட்டை உறிஞ்சிவிடுகின்றன. மார்கழி விடியலில் டீசல் என்ஜினைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்பி நீர் இறைத்த விவசாயிகள் இதனை ஓரளவு கண்டறிந்திருப்பர். நம் மார்கழியோ பூஜ்யத்துக்கு மேலே 18, 20 டிகிரி. வின்னிபெக்கில் ஜனவரி மாதத்தின் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 16 டிகிரி. சில இரவுகளில் அது 30-க்கும் கீழே இறங்கும்.

2. ஒரு கூட்டுறவாளர் கண்ட வழி

முற்காலத்தில் குளிர் நாட்டு மக்கள் இரவில் என்ஜின் எண்ணெயை வடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக் காலையில் மீண்டும் ஊற்றினர். சிலர் வண்டியின் அடியில் கனலை வைத்துச் சூடேற்றி, வண்டியையே தீக்கு இரையாக்கியதும் உண்டு.

இத்தொல்லைக்கு மின்சாரத்தால் ஒரு வழி கண்டவர்களுள் முக்கியமானவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர். அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்து கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், விவசாயிகளுக்கு மின்சாரம் வழங்கிய மின்கோட்டா மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் மேலாளர் அவர். 1940-களில், கழிவுச் செம்புக் குழாயையும் பழைய சலவைப் பெட்டியின் சூடேற்றும் கம்பியையும் கொண்டு தம் முதற் கருவியைச் செய்தார் என்பர். என்ஜினின் மேல்மூடியை இறுக்கும் போல்ட்டுகளுள் ஒன்றை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் மின்சூடேற்றியை உட்கொண்ட போல்ட்டைப் பொருத்துவது அவர் முறை. இதற்கு 1949-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தம் அங்கத்தினரின் அன்றாடத் தொல்லையைக் கண்கூடாகப் பார்க்கும் சங்க மேலாளர் ஒருவரிடமிருந்து இது பிறந்தது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

3. சூடேற்றிகளின் வகைகள்

இன்று கிடைப்பவற்றை ஐந்து வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, பிளாக் ஹீட்டர். என்ஜின் வார்ப்பின் பக்கங்களில் வட்டமான தகட்டு மூடிகள் உண்டு. வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விட்ட துவாரங்களை அடைப்பவை அவை. மெக்கானிக்குகள் கோர் பிளக் என்பர். அவற்றுள் ஒன்றைக் கழற்றி அவ்விடத்தில் மின்சூடேற்றியைப் பொருத்தினால், அது என்ஜினைச் சுற்றியுள்ள நீரில் மூழ்கி நின்று நேரே சூடாக்கும். கார்களுக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 வாட் வரை போதும். பெரிய லாரிகளுக்கு 1000 வாட்டும் அதற்கு மேலும் வேண்டும். சூடு வேண்டிய இடத்திலேயே பிறப்பதால் திறமையில் இதுவே முதன்மையானது. பொருத்துவதற்கு நீரை வடிக்க வேண்டியிருப்பதால் கைதேர்ந்த மெக்கானிக் தேவை. என்ஜினுக்கு என்ஜின் துவாரத்தின் அளவும் இடமும் வேறுபடும். ஆதலால் வண்டியின் தயாரிப்பாளர் குறித்துள்ள உறுப்பையே வாங்க வேண்டும்.

இரண்டாம் வகை, குழாய்ச் சூடேற்றி. ரேடியேட்டர் அல்லது ஹீட்டர் குழாயை வெட்டி நடுவே பொருத்தப்படுவது. சூடான நீர் இலேசாகி மேலெழுவதால் சுழற்சி ஏற்படுகிறது. சிலவற்றில் சிறு பம்பும் உண்டு. கோர் பிளக்கை அணுக இயலாத என்ஜின்களுக்கு இது ஏற்றது. உள்ளே காற்று தங்கிவிட்டால் சூடேற்றி வறண்டு கருகிவிடும் என்பது இதன் குறை.

மூன்றாம் வகை, எண்ணெய்த் தொட்டிச் சூடேற்றி. என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் சிலிக்கோன் பட்டையாகவோ, காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் கட்டியாகவோ இருக்கும். சுமார் 100 முதல் 300 வாட் வரை. எண்ணெயைச் சூடாக்கும், சிலிண்டர்ச் சுவரை அவ்வளவாகச் சூடாக்காது. கடுங்குளிரில் பிளாக் ஹீட்டருக்குத் துணையாக இருக்கத் தக்கது. காந்த வகை இரும்புத் தொட்டியில் மட்டுமே ஒட்டும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் தொட்டி இருப்பதால், பார்த்த பின்பே வாங்க வேண்டும்.

நான்காம் வகை, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பிக்குப் பதிலாகச் செருகும் சூடேற்றி. விலை மிகக் குறைவு, பலனும் குறைவு. கம்பியை ஒட்டிய எண்ணெய் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறிக் கருக, தொலைவிலுள்ள எண்ணெய் குளிர்ந்தபடியே இருக்கும். இதனை நான் பரிந்துரைப்பதற்கில்லை.

ஐந்தாம் வகை, எரிபொருட் சூடேற்றி. வண்டியின் பெட்ரோலையோ டீசலையோ ஒரு சிறு அடுப்பில் எரித்து என்ஜின் நீரைச் சூடாக்குவது. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பெக்கர் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. கார்களுக்குரியவை 4 அல்லது 5 கிலோவாட் வெப்பம் தரும். முழு அளவில் எரிந்தால் மணிக்குச் சுமார் அரை லிட்டரோ சற்று மிகுதியாகவோ செலவாகும். மின்செருகி வேண்டியதில்லை, என்ஜினோடு வண்டியின் உட்புறமும் சூடாகும். ஆனால் பொருத்தும் செலவோடு சேர்த்தால் இதன் விலை பிளாக் ஹீட்டரைப்போலப் பன்மடங்கு. இதன் விசிறியும் பம்பும் பாட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், சிறு தூரமே ஓடும் வண்டியில் பாட்டரி இறங்கிவிடுவதும் உண்டு.

இவற்றோடு பாட்டரியைச் சுற்றிக் கட்டும் மின்கம்பளி ஒன்றும் உண்டு. அது என்ஜின் சூடேற்றி அன்று. ஆயினும் மிகக் கடுங்குளிர்ப் பிரதேசங்களில் நல்ல துணை. வீட்டிலிருந்தபடியே விசையை அழுத்தி வண்டியைக் கிளப்பும் ரிமோட் கருவியைச் சிலர் இதற்கு மாற்றாக எண்ணுகின்றனர். அது தவறு. அக்கருவி குளிர்ந்த என்ஜினைக் குளிர்ந்தபடியே கிளப்புகிறது. கிளம்பாத வண்டியை அதனால் கிளப்ப இயலாது.

4. வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று: ஏற்கெனவே சூடேற்றி இருக்கிறதா? கனடாவின் சமவெளி மாநிலங்களில் விற்கப்படும் வண்டிகளில் பலவற்றில் பிளாக் ஹீட்டர் முதலிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒயர் முன்புறக் கிரில்லின் பின்னே சுருட்டிக் கட்டியிருக்கும். பழைய வண்டி வாங்கினவர்க்கு இது தெரியாமலே போவது உண்டு.

இரண்டு: வண்டி நிற்கும் இடத்தில் மின்செருகி இருக்கிறதா? இருந்தால் மின்சார வகை. இல்லாவிடில் எரிபொருள் வகை. பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியே முடிவைத் தந்துவிடும். பணியிடத்தில் வண்டி பல மணி நேரம் வெளியே நிற்குமாயின், அவ்விடத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

மூன்று: குளிர் எவ்வளவு? பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை, நல்ல பாட்டரியும் தகுந்த எண்ணெயும் உள்ள இக்காலத்துப் பெட்ரோல் வண்டி பெரும்பாலும் தானே கிளம்பும். அங்கும் சூடேற்றி என்ஜினின் தேய்மானத்தைக் குறைக்கும். 20, 25-க்குக் கீழே போனால் சூடேற்றி அவசியமாகிறது. டீசல் வண்டிக்கு இவ்வெல்லை இன்னும் முன்னதாகவே வரும். காற்று வீசுவதால் நமக்கு உறைக்கும் குளிரின் எண்ணை இதில் கணக்கிட வேண்டியதில்லை. காற்று என்ஜினை விரைவில் ஆறச் செய்யுமேயன்றிச் சூழ்ந்த காற்றின் வெப்பநிலைக்குக் கீழே இறக்காது.

நான்கு: மற்றவை சரியாக இருக்கின்றனவா? எண்ணெய் டப்பாவில் 0டபிள்யூ, 5டபிள்யூ என்று அச்சிட்டிருப்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் நன்றாக ஓடும். 10டபிள்யூ வகையைப் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியிலும், 5டபிள்யூ வகையை 30-லும், 0டபிள்யூ வகையை 35-லும் சுழற்றிச் சோதிக்கின்றனர். என்ஜின் நீரில் எதிலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்புத் திரவம் பாதிக்குப் பாதி இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 37 டிகிரி வரை உறையாது. திரவம் மட்டும் தனியே இருந்தால் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பது பலர் அறியாத செய்தி. பாட்டரி பழுதாயிருந்தால் எச்சூடேற்றியும் முழுப்பயன் தராது. டீசல் தொட்டியில் மெழுகு கட்டியிருந்தாலும் அப்படியே. அதற்குக் குளிர்கால டீசலே மருந்து.

ஐந்து: பொருத்துபவர் யார், உத்தரவாதம் என்ன? இதனை எழுத்தில் பெறுவது நன்று.

5. எத்தனை மணி நேரம்?

இரவு முழுவதும் செருகி வைப்பது பெருவழக்கு, ஆனால் வீண்செலவு. சாயத் தொட்டியின் அடியில் ஒரே அளவாக எரியும் தீயை எண்ணிப் பாருங்கள். தொட்டி முதலில் விரைவாகச் சூடேறும். பிறகு, உள்ளே வரும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிட்டால், எவ்வளவு நேரம் எரித்தாலும் அதே நிலையில் நிற்கும். கார் என்ஜினும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்குள் இந்நிலையை அடைந்துவிடுகிறது. 10 டிகிரிக் குளிரில் ஒரு மணி நேரமும், 20 டிகிரியில் இரண்டு மணி நேரமும், அதற்குக் கீழே மூன்று மணி நேரமும் பொதுவாகப் போதும். பின்லாந்தில் அடுக்கு வீடுகளின் வண்டி நிறுத்துமிடங்களில், வண்டிக்கொரு மின்செருகியும் அதிலேயே நேரம் குறிக்கும் கடிகார விசையும் உள்ள கம்பங்களைக் காணலாம்.

கணக்கு இது: 400 வாட் சூடேற்றி 10 மணி நேரம் எரிந்தால் 4 யூனிட், 3 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். மிச்சம் நாளொன்றுக்கு 2.8 யூனிட், குளிர்காலத்தில் 100 நாட்கள் எனக் கொண்டால் 280 யூனிட். கடிகார விசை ஒன்றின் விலையோடு இதனை ஒப்பிட்டு அங்கத்தினரே முடிவு செய்யலாம்.

6. எச்சரிக்கைகள்

நீட்டிப்பு ஒயர் வெளிப்புற உபயோகத்திற்கென்றே செய்யப்பட்டதாகவும், மூன்று முனை உடையதாகவும், தடித்ததாகவும் இருத்தல் வேண்டும். வீட்டுக்குள் உபயோகிக்கும் மெல்லிய ஒயர் குளிரில் வெடித்து, சூடேறித் தீப்பற்றலாம். மின்கசிவு நேர்ந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் செருகியையே உபயோகிக்க வேண்டும். புறப்படுமுன் ஒயரைக் கழற்ற மறவாமை வேண்டும். நீர் குறைந்த என்ஜினில் சூடேற்றியை எரிய விடலாகாது. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டோ எரிபொருட் சூடேற்றியை எரியவிட்டோ காத்திருப்பது உயிருக்கே ஆபத்து; கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த நெருப்பை எக்காரணம் கொண்டும் வண்டியின் அருகே கொண்டுபோகலாகாது.

7. அந்த இளைஞனுக்கு நேர்ந்தது

அன்று மாலையே முதியவரின் கைப்பேசியில் அவர் மகனோடு பேசினேன். கடைக்காரர் சொன்னது ஐந்தாம் வகைச் சூடேற்றி என்று தெரிந்தது.

"தம்பி, வண்டி நிற்கும் இடத்தில் மின்செருகி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது சார். எல்லா வண்டிக்கும் ஒன்று உண்டு. வாடகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். வேலை செய்யும் இடத்திலும் இருக்கிறது."

"வண்டி எங்கே வாங்கினது?"

"இதே ஊரில்தான். பத்து வருஷத்துப் பழைய வண்டி."

"அப்படியானால் பணம் கொடுக்காதே. நாளை வெளிச்சத்தில் முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் பார்."

மறுநாள் படம் அனுப்பினான். கிரில்லின் பின்னே கறுப்பு ஒயர் ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதன் முனை வெடித்து, உள்ளிருந்த செம்பு பச்சை பூத்திருந்தது. அங்குள்ள மெக்கானிக் ஒருவரிடம் சூடேற்றியின் மின்தடையை அளந்து பார்க்கச் சொன்னேன். 120 வோல்ட் மின்சாரத்தில் 400 வாட் தருவதாயின் 36 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் 37 காட்டிற்று. சூடேற்றி நலமாகவே இருந்தது; கெட்டது ஒயர் ஒன்றே. புதிய ஒயரும் ஒரு கடிகார விசையும் வாங்கினான். இரவு பத்தேகால் மணிக்குப் புறப்படுபவன், ஏழு மணிக்கே சூடேற்றி எரியும்படி விசையை வைத்தான். அந்த வாரத்திலேயே மற்றோர் இரவு 33 டிகிரிக்குக் கீழே இறங்கியது. வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது என்று தந்தைக்குச் செய்தி வந்தது.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது நான் முதலில் கேட்பது இருப்புப் பதிவேட்டையே. கிடங்கில் மூட்டை மூட்டையாக நூல் இருக்க, புதிதாக நூல் வாங்கத் தீர்மானம் போட்ட சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். தீர்மானம் முறைப்படிதான் இருக்கும். விலையும் நியாயமாகவே இருக்கும். வாங்கியது மட்டும் வேண்டாததாக இருக்கும். வின்னிபெக்கில் அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் விற்றது நல்ல பொருளே. வாங்க நின்றவனுக்குத் தன் இருப்பு தெரியவில்லை, அவ்வளவே.

பாடச் சுருக்கம்

இருப்பைச் சோதித்தபின் கொள்முதல் செய்க. மின்செருகி இருப்பின் பிளாக் ஹீட்டர். இல்லையேல் எரிபொருட் சூடேற்றி. எண்ணெய், பாட்டரி, உறைதடுப்புத் திரவம் மூன்றும் சரியாயிருந்தாலன்றிச் சூடேற்றி முழுப்பயன் தராது. மூன்று மணி நேரத்திற்குமேல் எரிப்பது பெரும்பாலும் வீண்.

வகுப்பில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. குளிரில் பாட்டரியின் பலம் குறைவதும் எண்ணெய் தடிப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் விளைவது யாது?

2. 600 வாட் சூடேற்றி 9 மணி நேரம் எரிவதற்குப் பதிலாக 3 மணி நேரம் எரிந்தால், 90 நாட்களில் மிச்சமாகும் யூனிட் எத்தனை?

3. உங்கள் சங்கம் சென்ற ஆண்டு வாங்கிய பொருள்களுள், இருப்பைச் சோதித்திருந்தால் வாங்க வேண்டியிராதவை எவை? பெயர் குறிப்பிடாமல் பொருளை மட்டும் குறிப்பிட்டு விவாதிக்கவும்.